மீனின் அசைவுகளை ஆளும் நரம்புக்கலங்கள்

வன்னியின் குளங்களில் வாழும் விரால் மீன் ஒரே நாளில் பல விதமாக அசைகிறது. தாமரை இலைகளின் நிழலில் மார்புச் செட்டைகளை மட்டும் மெல்ல ஆட்டியபடி நின்ற இடத்திலேயே நிற்கும். மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே இறங்கும். குஞ்சுக் கூட்டத்தைக் காத்துக்கொண்டு அதன் கீழே மெதுவாக நீந்தும். தவளையோ சிறு மீனோ எட்டும் தூரத்துக்கு வந்தால் பாய்ந்து கவ்வும். வீச்சுவலை தண்ணீரில் விழும் ஓசை கேட்டதும் உடலை வளைத்துத் திசை மாறி ஓடும். இத்தனைக்கும் அதனிடம் இருப்பது ஒரே உடலும் ஒரே முண்ணாணும்தான்.

இந்த அசைவுகளுக்கான இறுதிக் கட்டளையைத் தசைக்குக் கொண்டு செல்பவை இயக்க நரம்புக்கலங்கள். மூளை எதைத் தீர்மானித்தாலும், கண்ணும் காதும் எதை உணர்ந்தாலும், அது அசைவாக மாறுவதற்கு இக்கலங்களைத் தவிர வேறு வழி இல்லை. எந்தக் கலங்கள் அழைக்கப்படுகின்றன, எந்த ஒழுங்கில் அழைக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே மெதுவான நீச்சலும் உயிர் தப்பும் பாய்ச்சலும் வேறுபடுகின்றன.

இரு நிறத் தசைகள்

சமைத்த மீனைப் பிட்டால் சதை அடுக்கடுக்காகக் கழன்று வரும். ஒவ்வோர் அடுக்கும் ஒரு தசைத் துண்டம். தலைக்குப் பின்னாலிருந்து வால் வரை முள்ளந்தண்டின் இரு பக்கமும் இத்துண்டங்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஒரு பக்கத் துண்டங்கள் சுருங்கினால் உடல் அந்தப் பக்கம் வளையும். இடமும் வலமும் மாறி மாறிச் சுருங்க, அந்த வளைவு தலைப்பக்கத்திலிருந்து வாலை நோக்கி அலையாக ஓடுகிறது. அந்த அலை தண்ணீரைப் பின்னே தள்ள, மீன் முன்னே செல்கிறது.

எந்தத் துண்டமும் முழுவதும் ஒரே வகைத் தசையால் ஆனது அல்ல. முல்லைத்தீவுக் கரையில் இறக்கப்படும் சூரை மீனை வெட்டினால் வெளிறிய சதையோடு கருஞ்சிவப்பான ஒரு பட்டையும் தெரியும். மற்றப் பல மீன்களில் இந்தப் பட்டை தோலுக்குச் சற்றுக் கீழே, உடலின் நடுப்பக்கமாக, மெல்லியதாக ஓடும். இதுவே செந்தசை. இதில் குருதிக் குழாய்களும் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினும் இழைமணிகளும் மிகுதி. இது மெதுவாகச் சுருங்கும், ஆனால் எளிதில் களைப்பதில்லை. உடலின் மிகப் பெரும்பகுதியை நிரப்பியிருப்பது வெண்தசை. இது மிக விரைவாகவும் வலுவாகவும் சுருங்கும். ஒட்சிசன் வந்து சேரும்வரை காத்திராமல், சேமித்து வைத்த மாப்பொருளை உடைத்து ஆற்றல் பெறுவதால் விரைவில் தளர்ந்துவிடும். இரண்டுக்கும் இடையில், இரண்டின் இயல்பும் கலந்த இளஞ்சிவப்புத் தசையும் உண்டு.

ஓயாமல் நீந்தும் சூரையில் செந்தசை கூடுதலாகவும், பதுங்கியிருந்து பாயும் விராலில் மிகக் குறைவாகவும் இருப்பது அவற்றின் வாழ்க்கை முறைக்கு ஏற்றது. தூண்டிலில் அகப்பட்ட விரால் முதலில் மூர்க்கமாக இழுத்துவிட்டுச் சற்று நேரத்தில் சோர்ந்துபோவது வெண்தசையின் களைப்பினால்தான்.

முண்ணாணிலிருந்து தசைக்கு

இயக்க நரம்புக்கலத்தின் உடல் முண்ணாணுக்குள், அதன் வயிற்றுப் பக்கமாக இருக்கிறது. அதிலிருந்து நீளும் நரம்பிழை முண்ணாணை விட்டு வெளியேறித் தசை நார்களைத் தொடுகிறது. கலத்தில் எழும் மின் துடிப்பு அந்த இழையின் நுனியை அடைந்ததும் அங்கே அசற்றைல்கோலின் என்ற இரசாயனப் பொருள் வெளிவரும். அது தசை நாரில் பட, நார் சுருங்குகிறது.

பூச்சிகளிலும் நண்டுகளிலும் தசையைச் சுருங்கச் செய்யும் நரம்புகளோடு அதைத் தடுக்கும் நரம்புகளும் தசைவரை செல்கின்றன. முள்ளந்தண்டுள்ள விலங்குகளில் அப்படி இல்லை. மீனின் தசைக்குச் செல்லும் கட்டளை ஒன்றே ஒன்று: சுருங்கு. தசை தளர வேண்டுமானால் அதன் நரம்புக்கலம் பேசாமல் இருக்க வேண்டும். ஆகவே எந்தக் கலம் பேசுவது, எது மௌனமாக இருப்பது என்ற தீர்மானம் முழுவதும் முண்ணாணுக்கும் மூளைக்கும் உள்ளேயே எடுக்கப்படுகிறது.

இந்தத் தீர்மானம் எப்படி எடுக்கப்படுகிறது என்பதை அறிவியலாளர் கற்றுக்கொண்டது பெரும்பாலும் ஒரு சிறிய தெற்காசிய மீனிடமிருந்து. வரிக்குதிரை மீன் எனப்படும் அது சுமார் 4 சென்ரிமீற்றர் நீளமுள்ளது. பிரான்சிஸ் ஹமில்ற்றன் 1822 இல் கங்கையாற்று மீன்களைப் பற்றி வெளியிட்ட நூலில் அதை முதலில் விபரித்தார். அதன் உறவினங்களான டெவாரியோ மீன்கள் இலங்கையின் ஓடைகளில் கூட்டமாகத் திரிகின்றன. 1970களில் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இம்மீனை ஆய்வுகூட விலங்காக வளர்த்தெடுத்தார். இதன் குஞ்சின் உடலை ஒளி ஊடுருவும். நரம்புக்கலம் துடிக்கும்போது ஒளிரும் புரதங்களை அதற்குள் உருவாக்கினால், உயிருள்ள மீனில் எந்தக் கலம் எப்போது வேலை செய்கிறது என்பதை நுணுக்குக்காட்டியில் நேரே காணலாம்.

ஒரிகன் ஆய்வாளர்கள் 1986 இல் வெளியிட்ட ஆய்வு, இக்குஞ்சின் ஒவ்வொரு தசைத் துண்டத்துக்கும் ஒரு பக்கத்தில் மூன்று பெரிய முதனிலை இயக்க நரம்புக்கலங்கள் இருப்பதை விபரித்தது. ஒன்று துண்டத்தின் முதுகுப் பகுதியையும், இன்னொன்று வயிற்றுப் பகுதியையும், மற்றது நடுப்பகுதியையும் தன்வசம் வைத்திருக்கும். ஒன்றின் எல்லைக்குள் மற்றது புகுவதில்லை. இவற்றுக்குப் பின்னர் பிறக்கும் இரண்டாம் நிலைக் கலங்கள் சிறியவை, எண்ணிக்கையில் பல. விரைவான, வலுவான அசைவுகளுக்குப் பெரிய கலங்களும், நுட்பமான மெதுவான அசைவுகளுக்குச் சிறிய கலங்களும் முக்கியமானவை.

வேகம் கூடும்போது நடப்பது

மெதுவாக நீந்தும் மீனில் செந்தசைக்குச் செல்லும் கலங்கள் மட்டும் துடிக்கின்றன. வேகம் கூடக் கூட இளஞ்சிவப்புத் தசையின் கலங்கள் சேர்ந்துகொள்கின்றன. உச்ச வேகத்தில்தான் வெண்தசையின் பெரிய கலங்கள் எழுகின்றன. சிறிய கலம் முதலிலும் பெரிய கலம் பின்னரும் என்ற இந்த ஒழுங்கை எல்வுட் ஹென்மன் 1965 இல் பூனைகளில் விரிவாக எடுத்துக்காட்டினார். சிறிய கலத்தைத் துடிக்கவைக்கக் குறைந்த தூண்டல் போதும். பெரிய கலத்துக்குக் கூடுதலாக வேண்டும்.

2007 இல் டேவிட் மக்லீனும் ஜோசப் ஃபெற்சோவும் அவர்களது குழுவினரும் வரிக்குதிரை மீன் குஞ்சின் முண்ணாணில் இந்த ஒழுங்கு இடவமைப்பாகவே பதிந்திருப்பதைக் கண்டார்கள். மெதுவான நீச்சலின் கலங்கள் கீழேயும், வேகமான நீச்சலின் கலங்கள் மேலேயும் இருந்தன. வேகம் கூடும்போது துடிப்பு கீழிருந்து மேலே ஏறியது.

ஸ்டொக்ஹோமிலுள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தில் அப்தல் எல் மனீராவின் குழு வளர்ந்த மீன்களை ஆராய்ந்தபோது படம் மேலும் தெளிவானது. கலத்தின் பருமன் மட்டும் ஒழுங்கைத் தீர்மானிப்பதில்லை என்று 2011 இல் அவர்கள் காட்டினார்கள். மெதுவான, இடைத்தர, விரைவான இயக்க நரம்புக்கலங்கள் ஒவ்வொன்றுக்கும் தாளம் கொடுக்கும் இடைத்தூது நரம்புக்கலங்கள் தனித்தனிக் குழுக்களாக இருக்கின்றன என்று 2014 இல் காட்டினார்கள். வன்னி வயல்களில் ஓடும் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் ஒரே இயந்திரத்தின் வேகத்தைக் கியர் மாற்றித் தருகிறது. மீனிலோ ஒவ்வொரு கியருக்கும் சொந்தமாக ஓர் இயந்திரம் இருக்கிறது; வேகம் கூடும்போது அவை ஒன்றன்மேல் ஒன்றாக இயங்கத் தொடங்குகின்றன.

மாரியில் குளம் நிரம்பி வான் பாயும்போது இதைக் கண்ணால் காணலாம். நீரோட்டத்தை எதிர்த்து மேலேறும் மீன்கள் ஒரே சீராக ஏறுவதில்லை. பாய்ந்து சிறிது தூரம் ஏறும், கல்லின் பின்னே ஓட்டம் தணிந்த இடத்தில் நிற்கும், மீண்டும் பாயும். வேகமான ஓட்டத்தை வெல்லச் செந்தசையின் வலு போதாது. வெண்தசையின் நரம்புக்கலங்களை அழைக்க வேண்டும். ஆனால் அத்தசை நீண்ட நேரம் தாங்காது. ஆகவே பாய்ச்சலும் ஓய்வுமாகவே ஏற முடியும்.

இடம், வலம், அலை

நீச்சலின் தாளம் மூளையிலிருந்து துடிப்புத் துடிப்பாக வருவதில்லை. மூளையின் அடிப்பகுதி நீந்தத் தொடங்கு, வேகத்தைக் கூட்டு, நிறுத்து என்ற செய்திகளைத் தருகிறது. தாளத்தை முண்ணாண் தானே உருவாக்குகிறது. தாடையற்ற பழைய மீனினமான லாம்பிரேயின் முண்ணாணைத் தனியே எடுத்து உரிய கரைசலில் வைத்தாலும், அது நீச்சலுக்குரிய தாளத்தை உண்டாக்கும். ஸ்டென் கிரில்னர் பல பத்தாண்டுகளாகச் செய்த ஆய்வுகள் இதன் சுற்றமைப்பை வெளிப்படுத்தின.

ஒரு பக்கத்துக் கலங்கள் துடிக்கும்போது, மறுபக்கத்துக்குக் கடந்து செல்லும் தடுப்பு நரம்புக்கலங்கள் அங்குள்ளவற்றை அடக்கி வைக்கின்றன. இப்பக்கம் ஓய்ந்ததும் அப்பக்கம் எழுகிறது. தலைப்பக்கத் துண்டம் முதலிலும் அடுத்தடுத்த துண்டங்கள் சிறிது தாமதித்தும் துடிப்பதால் வளைவு அலையாக ஓடுகிறது. உடல் எவ்வளவு வளைந்தது என்ற செய்தியும் திரும்பி வருகிறது. வளைவை உணரும் கலங்கள் வரிக்குதிரை மீனின் முண்ணாணுக்குள்ளேயே இருப்பதை 2021 இல் கரோலின்ஸ்கா குழு வெளியிட்டது.

இயக்க நரம்புக்கலம் மேலிருந்து வரும் கட்டளையைத் தசைக்குக் கடத்தும் வெறும் வாயில் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2016 இல் அதே குழு வெளியிட்ட ஆய்வு அக்கருத்தை மாற்றியது. இயக்க நரம்புக்கலங்கள் தமக்குத் தூண்டல் தரும் இடைத்தூது நரம்புக்கலங்களோடு நேரடி மின் இணைப்பும் கொண்டுள்ளன. அந்த இணைப்பின் வழியே தமது நிலையைப் பின்னோக்கித் தெரிவிக்கின்றன. இயக்க நரம்புக்கலங்களை அடக்கியபோது இடைத்தூது நரம்புக்கலங்களின் துடிப்பும் குறைந்தது. நீச்சலின் தாளத்தை உருவாக்குவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

உயிர் தப்பும் பாய்ச்சல்

நீர்க்காகமும் மீன்கொத்தியும் காத்திருக்கும் குளத்தில், ஒரு மீனின் ஆயுள் பல வேளைகளில் ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கில் தங்கியிருக்கிறது. இந்தப் பாய்ச்சலுக்கென்று பின்மூளையில் ஒரு சோடி மிகப் பெரிய நரம்புக்கலங்கள் இருக்கின்றன. லுட்விக் மௌத்னர் 1859 இல் விபரித்ததால் அவை மௌத்னர் கலங்கள் எனப்படுகின்றன.

காதிலிருந்தும், நீரின் அசைவை உணரும் பக்கக் கோட்டிலிருந்தும் செய்திகள் இக்கலத்தை அடைகின்றன. இடப்பக்கம் திடீர் ஓசை எழுந்தால் இடப்பக்க மௌத்னர் கலம் ஒரு முறை துடிக்கும். அதன் தடித்த நரம்பிழை மறுபக்கம் கடந்து முண்ணாண் நெடுகக் கீழிறங்குகிறது. வலப்பக்கத்துப் பெரிய இயக்க நரம்புக்கலங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழ, வலப்பக்கத் தசைகள் எல்லாம் ஒன்றாகச் சுருங்கி, உடல் வில்லாக வளைந்து ஆபத்திலிருந்து விலகித் திரும்பும். இங்கே சிறியது முதலில், பெரியது பின்னர் என்ற ஒழுங்கு இல்லை. அலையாக ஓடும் தாமதமும் இல்லை. அதே வேளையில் மற்றைய மௌத்னர் கலம் அடக்கப்படுகிறது. இரண்டும் ஒன்றாக எழுந்தால் இரு பக்கமும் சேர்ந்து இறுக, மீன் திரும்ப முடியாமல் போகும்.

மௌத்னர் கலங்கள் அழிந்தாலும் மீன் தப்பும் திறனை முற்றாக இழப்பதில்லை. பின்மூளையில் அவற்றை ஒத்த வேறு கலங்கள் அப்பணியைத் தொடர்கின்றன; ஆனால் எதிர்வினை தாமதமாகிறது.

செட்டை, வாய், குரல்

நின்ற இடத்தில் நிற்கவும், மெல்லத் திரும்பவும், பின்னோக்கி நகரவும் செட்டைகள் உதவுகின்றன. ஒவ்வொரு செட்டைக்கும் அதை விரிக்கும் தசைகளும் மடக்கும் தசைகளும் உண்டு. அவற்றுக்குத் தனித்தனி இயக்க நரம்புக்கலங்கள் உண்டு. வரிக்குதிரை மீன் குஞ்சு மெதுவாக நீந்தும்போது மார்புச் செட்டைகளை மாறி மாறி அசைக்கும். வேகமெடுத்ததும் அவற்றை உடலோடு ஒட்ட மடக்கிக்கொள்ளும். ஒன்றை எழுப்பும் சுற்றமைப்பே மற்றதை அடக்குவதால்தான் இந்த மாற்றம் தடுமாற்றமின்றி நிகழ்கிறது.

திருக்கையில் செட்டையின் பங்கு இன்னும் பெரியது. அகன்ற மார்புச் செட்டைகளின் அலையே பெரும்பாலான திருக்கைகளுக்கு நீச்சல். திருக்கையின் நெருங்கிய உறவான சிறு ஸ்கேற் மீன் கடலடியில் இடுப்புச் செட்டைகளை மாறி மாறி ஊன்றி நடக்கிறது. அந்தச் செட்டைகளின் இயக்க நரம்புக்கலங்களை உருவாக்கும் மரபணுக்கள், எலியின் கால்களுக்குரிய நரம்புக்கலங்களை உருவாக்கும் மரபணுக்களோடு ஒத்திருப்பதை நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் ஜெரமி டேசனின் குழு 2018 இல் காட்டியது. தரையில் நடப்பதற்கான நரம்பு ஏற்பாட்டின் அடிப்படை, கால்கள் தோன்றுவதற்கு முன்பே கடலில் இருந்திருக்கிறது.

வாயைத் திறக்கும், செவுள் மூடியை அசைத்து மூச்சுவிடும், கண்ணைத் திருப்பும் தசைகளுக்கான இயக்க நரம்புக்கலங்கள் முண்ணாணில் அல்ல, மூளையின் தண்டுப் பகுதியில் இருக்கின்றன. ஆனால் இரையை உறிஞ்சி விழுங்கும் கணத்தில் இரு தொகுதிகளும் ஒன்று சேர வேண்டும். அமெரிக்க நன்னீர் மீனான பாஸ் பற்றி 2015 இல் பிரவுண் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான ஆய்வு, வாயை அகலத் திறந்து இரையை உறிஞ்சும் வலுவின் மிகப் பெரும்பகுதி நீச்சல் தசைகளிலிருந்தே வருவதை அளந்து காட்டியது. நீந்தும்போது இட வலமாக மாறி மாறிச் சுருங்கும் அதே தசைகள், அப்போது இரு பக்கமும் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன.

கொக்கிளாய், நாயாறு போன்ற களப்புகளில் வலையில் அகப்படும் கெளிறு கரகரத்து ஒலி எழுப்பும். மார்புச் செட்டையின் முள்ளை அதன் குழியில் உரசுவதாலும், வாயுப்பையை அதிரச் செய்யும் தசைகளாலும் கெளிற்றினங்கள் ஒலி எழுப்புகின்றன. அமெரிக்கக் கரையோரத்தின் தேரை மீனில் வாயுப்பைத் தசை ஒரு செக்கனில் சுமார் 200 தடவை சுருங்க வல்லது. அத்தனை துடிப்புகளையும் பிசகாமல் அனுப்புவதற்கென்றே அதன் பின்மூளைக்கும் முண்ணாணுக்கும் இடையே இயக்க நரம்புக்கலங்களின் தனிக் கூட்டம் இருக்கிறது. மின் திருக்கையிலோ தசையே உருமாறி, சுருங்கும் திறனை விட்டு, மின்னை வெளியிடும் உறுப்பாகிவிட்டது. அதற்கும் கட்டளை அசற்றைல்கோலின் வழியாகவே செல்கிறது.

தரையில் நகரும் மீன்கள்

குளம் வற்றும் காலத்தில் விராலும் பனையேறி மீனும் ஈரத் தரையில் நெளிந்து வேறு நீர்நிலைக்குச் செல்லும். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு செவுளுக்கு மேலே இருப்பதால் அவை தரையில் உயிர் தாங்கும். இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1861 இல் வெளியிட்ட இலங்கையின் இயற்கை வரலாற்று நூலில், வற்றிய குளங்களிலிருந்து தரைவழியே செல்லும் மீன்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே, 1791 இல் தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பனியின் அதிகாரியான டால்டோர்ஃப் ஒரு பனையில் பனையேறி மீனைக் கண்டதாகக் கூறிய குறிப்பு 1797 இல் இலண்டனில் அச்சானது. மரமேறுவதை அதன் வழக்கமாக உயிரியலாளர் ஏற்பதில்லை. தரையில் நகர்வதை ஐயமின்றி ஏற்கின்றனர்.

பனையேறி மீன் முட்கள் உள்ள செவுள் மூடியை விரித்துத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி முன்னேறும். புதிய தசை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. மூச்சுவிட அசைந்த செவுள் மூடியின் நரம்புக்கலங்களும், நீந்த அசைந்த வாலின் நரம்புக்கலங்களும் வேறொரு தாளத்தில் இணைகின்றன.

மீண்டும் முளைக்கும் நரம்புக்கலங்கள்

வரிக்குதிரை மீனின் முட்டை கருக்கட்டி ஏறத்தாழ 17 மணித்தியாலங்களில் கருவின் உடல் தானாக வளையத் தொடங்கும். முதனிலை இயக்க நரம்புக்கலங்கள் தசையைத் தொட்டதன் முதல் அடையாளம் அது. ஒரு நாள் கடந்து சில மணித்தியாலங்களில் தொட்டால் விலகும். ஐந்தாம் நாளளவில் தானாக நீந்தி இரை தேடும். பெரிய கலங்களும் வலுவான அசைவும் முதலில். சிறிய கலங்களும் நுட்பமான அசைவும் பின்னர்.

மீன்களில் கண்ட இந்த வேறுபாடுகள் மனித நோய்களை விளங்கிக்கொள்ளவும் உதவுகின்றன. இயக்க நரம்புக்கலங்கள் படிப்படியாக அழியும் ஏ.எல்.எஸ். நோயில் விரைவான தசைகளுக்குரிய பெரிய கலங்கள் முதலில் பாதிக்கப்படுகின்றன. கண்ணை அசைக்கும் கலங்கள் நீண்ட காலம் தப்பியிருக்கின்றன. இலங்கையில் 1993 க்குப் பின் காணப்படாத இளம்பிள்ளை வாதமும் இதே கலங்களையே தாக்கியது.

மனிதரில் முண்ணாண் அறுபட்டால் அது மீண்டும் இணைவதில்லை. போரில் முண்ணாண் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழும் பலரை வன்னி அறியும். வரிக்குதிரை மீனிலோ அறுபட்ட முண்ணாண் சுமார் ஆறு முதல் எட்டு வாரங்களில் மீண்டும் இணைந்து, மீன் மறுபடி நீந்துகிறது. காயத்தின் அருகே, முண்ணாணின் நடுக் குழியைச் சுற்றியுள்ள கலங்களிலிருந்து புதிய இயக்க நரம்புக்கலங்கள் பிறப்பதை 2008 இல் எடின்பரோவில் கத்தரினா பெக்கர், தோமஸ் பெக்கர் குழுவினர் காட்டினார்கள். மனித முண்ணாணிலும் நடுக் குழியைச் சுற்றி அத்தகைய கலங்கள் உண்டு; காயத்தின்பின் அவை புதிய நரம்புக்கலங்களாக மாறுவதில்லை. மீனில் அவற்றை எழுப்பும் மரபணுக்கள் எவை, மனிதரில் அவற்றைத் தடுத்து வைத்திருப்பது எது என்ற இரண்டு கேள்விகளையும் நோக்கியே இத்துறையின் ஆய்வுகள் இன்று செல்கின்றன.